அந்த ஸ்கேன் காகிதத்தின் கடைசி வரி

மதுரை மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மாவட்டச் சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

உசிலம்பட்டிக்கும் பேரையூருக்கும் நடுவில் ரோட்டோரம் டீக்கடை வைத்திருந்த ஒருவரின் மகன், கொழுப்பு ஈரலை ஆரம்பத்திலேயே பிடிப்பது பற்றி எழுதுகிறேன். அப்பா போய்ச் சேர்ந்த பிறகு ஒரு நாள், அவருடைய வைத்தியக் காகிதங்கள் இருந்த மஞ்சப்பையைத் தரையில் கவிழ்த்து, தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தேன். உயிரோடு இருந்தபோது ஒரு தடவைகூட நாங்கள் அப்படி அடுக்கிப் பார்க்கவில்லை. எந்த டாக்டரும் பார்க்கவில்லை. அவரவர் முன்னால் இருந்த ஒரு காகிதத்தை மட்டும்தான் எல்லோரும் பார்த்தோம்.

முதல் காகிதம் 2016இல் எடுத்தது. விலாவில் வலி என்று போய் எடுத்த ஸ்கேன். சிறுநீரகத்தில் கல் என்று முதல் வரியிலேயே போட்டிருந்தது, அதற்கு மருந்து கொடுத்தார்கள், கல்லும் இறங்கிவிட்டது. கடைசி வரியில் கல்லீரலில் முதல் நிலைக் கொழுப்பு என்று இருந்தது. அது என்ன என்று கேட்டதற்கு, இப்போதெல்லாம் எல்லாருக்கும் இருக்கிறது, எண்ணெயைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். இரண்டாவது, 2019இல் குடலிறக்க ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்தது. அதிலும் கடைசி வரியில் கொழுப்பு, இந்தத் தடவை இரண்டாம் நிலை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, காகிதம் மஞ்சப்பைக்குள் போய்விட்டது. மூன்றாவது, 2022 தை மாதம் கால் வீக்கத்துக்காக எடுத்தது. அதில் கொழுப்பு என்ற சொல்லே இல்லை. கல்லீரல் சொரசொரப்பாகத் தெரிகிறது, மண்ணீரல் கொஞ்சம் பெரிதாக இருக்கிறது என்று மட்டும் எழுதியிருந்தார்கள். வீட்டில் இங்கிலீஷ் படித்தவன் நான் ஒருவன். நான்தான் வாசித்துப் பார்த்துவிட்டு, "கொழுப்பு போயிருச்சுப்பா" என்று சொன்னேன். அவர் முகத்தில் அப்போது வந்த சந்தோஷம் எனக்கு இப்போதும் அப்படியே நினைவிருக்கிறது.

கொழுப்பு போனது நிஜம்தான். ஈரல் முழுக்கத் தழும்பாகி இறுகி, சிரோசிஸ் என்கிற ஈரல் சுருக்கம் முற்றும்போது, உள்ளே இருக்கும் கொழுப்பு குறைந்து சில பேருக்கு இல்லாமலே போய்விடும் என்று பிற்பாடுதான் ஒரு டாக்டர் விளக்கினார். நான் நல்ல செய்தி என்று வாசித்தது அதைத்தான்.

அந்தச் சித்திரையில், அழகர் ஆற்றில் இறங்கிய மறுவாரம், ராத்திரி இரண்டு மணிக்கு அப்பா ரத்தமாக வாந்தி எடுத்தார். மதுரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். எண்டோஸ்கோப்பி பார்த்து, உணவுக்குழாயில் புடைத்து வெடித்திருந்த ரத்தக்குழாய்களுக்கு ரப்பர் வளையம் போட்டு அந்தத் தடவை காப்பாற்றிக் கொடுத்தார்கள். கண்மாயில் மடை அடைத்துக்கொண்டால் தண்ணீர் நிற்குமா, கரை எங்கே பலவீனமோ அங்கே உடைக்கும். குடலிலிருந்து வரும் ரத்தம் எல்லாம் கல்லீரல் வழியாகத்தான் போக வேண்டும். கல்லீரல் கல்லாகிவிட்டால் அது பின்னால் தேங்கி, வேறு வழி தேடி, உணவுக்குழாயின் மெல்லிய குழாய்களைப் புடைக்க வைக்கிறது. பதினான்கு மாதம் இருந்தார். 2023இல் போய்விட்டார்.

அந்தப் பதினான்கு மாதமும் எங்களை வாட்டியது நோய் மட்டுமில்லை. சேர்த்த அன்றைக்கு முதல் கேள்வியே, "எத்தனை வருசமா குடிக்கிறார்?" என்பதுதான். அம்மா, "அவுக ஒரு நாளும் தொட்டதில்ல சார்" என்றார். மறுநாள் வந்த வேறொருவர் அதே கேள்வியைக் கேட்டார், அதற்கு அடுத்த நாள் இன்னொருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அம்மாவுக்குத் தெரியாமல் இருந்திருக்குமா என்று கேட்டார். சொந்தக்காரர்கள் ஆரஞ்சும் பிரெட்டும் வாங்கிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போகும்போது வராண்டாவில் நின்று இதையே பேசினார்கள். கேதத்துக்கு வந்த இடத்திலும் ஒருவர் பேசினார். அப்பா டீக்கடைக்காரர். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு கிளாஸ், சர்க்கரை நோய் வந்த பிறகும் அரைச் சர்க்கரை போட்டுக் குடித்தார். மத்தியானம் ரேஷன் அரிசிச் சோறு, ராத்திரி கடையை அடைத்துவிட்டு வரும்போது பரோட்டா. கை கால் எல்லாம் ஒல்லி, வயிறு மட்டும் வேட்டி முடிச்சுக்கு மேலே தள்ளிக்கொண்டு நிற்கும். நம் பக்கத்து ஆம்பளைகளில் பாதிப்பேர் உருவம் அதுதான், அதை நோய் என்று யார் நினைப்பார்கள்? குடிக்காதவருக்கும் இப்படி வரும் என்பதை ஆஸ்பத்திரிக்குள்ளேயே நம்ப ஆளில்லாமல் போனதை என்னால் மன்னிக்க முடியவில்லை. 2023இல் உலக அளவிலான கல்லீரல் மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து இந்த நோயின் பெயரையே மாற்றின. குடியைச் சுற்றி இருந்த பழைய பெயரை எடுத்துவிட்டு, சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம், இடுப்பளவு என்று உடம்பின் வளர்சிதைக் கோளாறோடு சேர்த்துப் பெயர் வைத்தார்கள். அப்பா போன அதே வருசம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் டாக்டர் இல்லை. ஆனால் இந்த இரண்டு வருசமாக இதைப் பற்றிக் கேட்காத ஆளில்லை, படிக்காத நாளில்லை. எனக்குப் புரிந்தவரை, கல்லீரலில் நூற்றில் ஐந்து பங்குக்கு மேல் கொழுப்பு சேர்ந்தாலே அது கொழுப்பு ஈரல்தான். வலி இருக்காது, ஏனென்றால் கல்லீரலுக்கு உள்ளே வலியை உணரும் நரம்பு கிடையாது, மேலே இருக்கும் உறைக்குத்தான் உண்டு. ரத்தத்தில் எஸ்.ஜி.பி.டி. என்கிற ஈரல் நொதியின் அளவைப் பார்த்தால் அதுவும் பல பேருக்குச் சரியாகவே காட்டும். அதனால் உள்ளே நடப்பதைக் கத்தி வைக்காமல், ஊசி குத்திச் சதை எடுக்காமல், வெளியே இருந்து படமாகவோ அளவாகவோ பார்ப்பதுதான் ஆரம்பத்திலேயே பிடிக்க நமக்கு இருக்கும் வழி.

சாதாரண அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் கொழுப்பு சேர்ந்த ஈரல் பக்கத்தில் இருக்கும் சிறுநீரகத்தைவிட வெளுப்பாகத் தெரியும். அந்த வெளுப்பைக் கண்ணால் பார்த்துத்தான் ஒன்று, இரண்டு, மூன்று என்று நிலை போடுகிறார்கள். கொழுப்பு இருபது முப்பது சதவீதத்தைத் தாண்டினால் நன்றாகப் பிடிபடும், அதற்குக் கீழே இருந்தால் தவறிவிடலாம். பார்க்கும் ஆளைப் பொறுத்து நிலை மாறும். எல்லாவற்றையும்விட முக்கியம், அந்த ஒன்று இரண்டு மூன்று என்பது கொழுப்பின் கணக்கு மட்டும்தான், ஈரல் எவ்வளவு இறுகிவிட்டது என்பதை அது சொல்லாது. முதல் நிலை என்று எழுதியிருக்கும் ஒருவருக்கு உள்ளே தழும்பு ஏறியிருக்கலாம், மூன்றாம் நிலைக்காரருக்கு ஈரல் மெத்தென்று இருக்கலாம். உயிரை எடுப்பது அந்தத் தழும்புதான். முதல் நிலைதானே என்று எங்களை வீட்டுக்கு அனுப்பியபோது இந்த வித்தியாசத்தை யாரும் சொல்லவில்லை.

இறுக்கத்தை அளக்கத்தான் ஃபைப்ரோஸ்கேன் என்று எல்லோரும் சொல்லும் கருவி இருக்கிறது. அப்பா போன பிறகு எனக்கு நானே போய் எடுத்துக்கொண்டேன், எனக்கும் சர்க்கரை வாசற்படி வரை வந்துவிட்டது. மூன்று மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் போக வேண்டும், சாப்பிட்டால் அளவு கூடிக் காட்டும். மல்லாக்கப் படுக்க வைத்து, வலது கையைத் தலைக்குப் பின்னால் வைக்கச் சொல்லி, விலா எலும்புகளுக்கு நடுவில் ஜெல் தடவி, ஒரு கருவியை வைத்து மெதுவாகத் தட்டுகிறார்கள். விரலால் சுண்டுவது போல இருக்கிறது, வலி துளியும் இல்லை. குறைந்தது பத்துத் தடவை. பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. ஒவ்வொரு தட்டலும் உள்ளே ஒரு அதிர்வை அனுப்புகிறது, அந்த அதிர்வு என்ன வேகத்தில் ஓடுகிறது என்பதைக் கருவி அல்ட்ராசவுண்டால் அளக்கிறது. தீயில் காய்ச்சி இறுக்கின தப்பின் தோலையும், மழையில் நனைந்து தொய்ந்த தோலையும் தட்டிப் பார்த்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். இறுகிய ஈரலில் அதிர்வு வேகமாக ஓடும். அந்தக் கணக்கைக் கிலோபாஸ்கல் என்ற அளவில் கொடுக்கிறார்கள். 8க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு, அதற்கு மேலே என்றால் கல்லீரல் டாக்டரிடம் போக வேண்டும். அதே தட்டலில் ஒலி எவ்வளவு மங்குகிறது என்று பார்த்துக் கொழுப்பையும் இன்னொரு எண்ணாகச் சொல்லிவிடுகிறது. எனக்கு இறுக்கம் 6.1, கொழுப்புக் கணக்கு கூடுதல். 2,500 ரூபாய் ஆனது.

எம்.ஆர்.ஐ.யில் இன்னும் துல்லியமாக, ஈரல் முழுக்கக் கொழுப்பு எத்தனை சதவீதம் என்றே சொல்லிவிடலாம். அதை ஊருக்கு ஊர் கேட்கும் அளவுக்கு நான் விவரம் இல்லாதவன் இல்லை. குழப்பம் உள்ள ஒரு சிலருக்கு அது இருந்தால் போதும்.

அதே மாதிரி மாவட்டத்தில் எல்லோருக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுங்கள் என்றும் கேட்கவில்லை. இந்திய ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2022இல் வந்த கணக்கின்படி, பெரியவர்களில் நூற்றுக்கு 38 பேருக்கு மேல் கொழுப்பு ஈரல் இருக்கிறது. அத்தனை பேரையும் படுக்க வைத்துத் தட்டினால் எந்த ஆஸ்பத்திரி தாங்கும்? அதில் பெரும்பாலானவர்களுக்குச் சிரோசிஸ் வரை போகப் போவதும் இல்லை. போகப் போகிற சிலரைக் கூட்டத்திலிருந்து பிரித்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குச் சல்லடை ஏற்கெனவே இருக்கிறது. ஃபிப்-4 என்று ஒரு கணக்கு. வயது, எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற இரண்டு நொதி அளவுகள், பிளேட்லெட் என்கிற ரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கை, இந்த நாலும் தெரிந்தால் செல்போனிலேயே போட்டுவிடலாம். 1.3க்குக் கீழே வந்தால் இப்போதைக்குப் பயமில்லை, ஒன்றிரண்டு வருசம் கழித்து மறுபடி பார்க்கலாம் (65 வயதுக்கு மேல் என்றால் 2 வரை விடலாம் என்கிறார்கள்). அதற்கு மேலே வருபவர்களை மட்டும் ஃபைப்ரோஸ்கேனுக்கு அனுப்பினால் போதும். அப்பாவின் 2019 ஆபரேஷன் காகிதங்களில் இந்த நாலு எண்ணும் இருந்தன. நானே போட்டுப் பார்த்தேன். 2.4 வந்தது.

மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்குபவர்களின் பட்டியல் உங்கள் கையில் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் அந்தத் திட்டம் தொடங்கியதிலிருந்து தன்னார்வலப் பெண்கள் வீடு வீடாகப் போகிறார்கள், எங்கள் தெருவுக்கு வரும் அக்காவுக்கு எந்த வீட்டில் யாருக்கு எத்தனை சர்க்கரை என்பது மனப்பாடம். கொழுப்பு ஈரலிலிருந்து சிரோசிஸ் வரை போகிற ஆபத்து சர்க்கரை உள்ளவர்களுக்குத்தான் மற்றவர்களைவிட அதிகம். அதே 2021 பிப்ரவரியில் மத்திய அரசு, சர்க்கரை, புற்றுநோய், இதயநோய்க்கான தேசியத் திட்டத்துக்குள் கொழுப்பு ஈரலையும் சேர்த்தது. ஆக மேலே உத்தரவும் இருக்கிறது, கீழே பட்டியலும் இருக்கிறது. நடுவில் ஒரு ரத்தப் பரிசோதனையும் ஒரு கணக்கும் ஒரு கருவியும்தான் சேர வேண்டும். வருசத்துக்கு ஒரு தடவை ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுக்கும் ரத்தத்தில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., பிளேட்லெட் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள், அந்த அக்காவின் பேரேட்டில் ஃபிப்-4க்கு ஒரு கட்டம் போடுங்கள், இடுப்பளவுக்கும் ஒரு கட்டம் போடுங்கள். ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டினால் குறித்துக்கொள்ளட்டும். அதற்குத் தையல் டேப் போதும்.

கருவி விஷயத்தில், எடுத்துப் போகக்கூடிய சின்ன மாடல்களும் வந்துவிட்டன. மாவட்டத்துக்கு ஒன்றோ இரண்டோ வாங்கி, உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம், வாடிப்பட்டி, பேரையூர் என்று அரசு ஆஸ்பத்திரிகளுக்கு வாரத்தில் ஒரு நாள் சந்தை நாள் மாதிரி முறை வைத்து அனுப்புங்கள். பெரியாஸ்பத்திரியின் இரைப்பை குடல் துறையில் இருப்பவர்கள் நாலு செவிலியர்களுக்கு ஒழுங்காகப் பழக்கிக் கொடுத்தால் போதும். ஒரு எண்ணை வைத்து யாரையும் பயமுறுத்திவிடக் கூடாது என்பதையும் அவர்கள்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும், ஏனென்றால் சாப்பிட்டுவிட்டு வந்தாலும், ஈரலில் வீக்கம் இருந்தாலும், இதயம் பலவீனமாக இருந்தாலும் அளவு கூடிக் காட்டும். ஒரு தடவை கூடுதலாக வந்தால் இன்னொரு நாள் வெறும் வயிற்றில் மறுபடி பார்க்க வேண்டும்.

இது நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு நம் ஊரையே காட்டலாம். 1976இல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரிதான் ஊர் ஊராகக் கண் முகாம் போட்டு, கண்புரை வந்தால் விதி என்று உட்கார்ந்திருந்த கிழவிகளைப் பஸ்ஸில் ஏற்றி அழைத்துப் போய்ப் பார்வை கொடுத்து அனுப்பியது. எங்கள் அப்பத்தாவும் அப்படிப் போய் வந்தவர். சர்க்கரைக்காரர்களின் விழித்திரையைப் படம் எடுக்க வண்டியையே கிராமத்துக்கு அனுப்பிய ஊர் இது. கண்ணுக்குச் செய்ததை ஈரலுக்கும் செய்ய முடியும்.

அடுத்தது ஸ்கேன் மையங்கள். இதற்குப் பணமே தேவையில்லை. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் 1994ஆம் வருசச் சட்டத்தால், பதிவு இல்லாமல் ஒரு ஸ்கேன் மையமும் நடத்த முடியாது. கையடக்க ஸ்கேன் கருவியை நினைத்தபடி ஊருக்குத் தூக்கிப் போகவும் முடியாது, அந்தக் கட்டுப்பாடு இருக்கத்தான் வேண்டும். ஆனால் அதே சட்டத்தால் மாவட்டத்தில் இருக்கும் ஸ்கேன் மையம் ஒவ்வொன்றின் விலாசமும் அரசிடம் இருக்கிறது. பித்தப்பைக் கல், கர்ப்பப்பைக் கட்டி, குடலிறக்கம் என்று தினமும் எத்தனை பேர் அங்கே போய்ப் படுக்கிறார்கள், அதில் எத்தனை காகிதங்களில் கடைசி வரியாகக் கொழுப்பு ஈரல் என்று இங்கிலீஷில் எழுதிக் கையில் கொடுக்கிறார்கள்! ஆரம்பத்திலேயே கண்டுபிடிப்பது ஒவ்வொரு நாளும் நடந்துகொண்டுதான் இருக்கிறது, கண்டுபிடித்ததை அப்புறம் யாரும் கையில் எடுப்பதில்லை. எல்லா மையங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். கொழுப்பு ஈரல் என்று எழுதும் ஒவ்வொரு காகிதத்திலும் தமிழில் இப்படி ஒரு முத்திரை குத்தச் சொல்லுங்கள்: "உங்கள் கல்லீரலில் கொழுப்பு இருக்கிறது. இறுகியிருக்கிறதா என்பது இந்த ஸ்கேனில் தெரியாது. சர்க்கரை இருந்தாலோ இடுப்பு பெருத்திருந்தாலோ ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தத் தாளைக் காட்டி ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்." எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்த யாருக்கும் புரியும். எங்கள் அப்பா தினமும் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிப்பவர், 2016இல் இதை வாசித்திருந்தால் விட்டிருக்க மாட்டார்.

கண்டுபிடித்து என்ன செய்வது, மருந்தா இருக்கிறது என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. ஆரம்பத்தில் தெரிந்தால் உடம்பு எடையில் நூற்றுக்கு ஏழிலிருந்து பத்துப் பங்கு குறைத்தாலே கொழுப்போடு வீக்கமும் குறைகிறது, சிலருக்குத் தழும்புகூடப் பின்வாங்குகிறது. நான் 78 கிலோ இருந்தேன். டீயில் சர்க்கரையை நிறுத்தி, ராத்திரிப் பரோட்டாவை நிறுத்தி, காலையில் கண்மாய்க் கரையில் ஒரு மணி நேரம் நடந்து, ஒரு வருசத்தில் 6 கிலோ குறைத்தேன். மறுபடி போய் எடுத்தபோது கொழுப்புக் கணக்கு 291இலிருந்து 248க்கு இறங்கியிருந்தது. ஒரு எண் கையில் இருந்ததால்தான் என்னால் ஒரு வருசம் விடாமல் நடக்க முடிந்தது. எண்ணெயைக் குறை என்று பொதுவாகச் சொன்ன அன்றைக்கு அப்பா எண்ணெயை ஒரு வாரம் குறைத்தார்.

கடைசியாக ஒன்று, இதற்குக் கருவியோ பணமோ வேண்டாம். ஈரல் கெட்டுப்போய் வருபவரிடம் குடியைப் பற்றிக் கேளுங்கள், கேட்கத்தான் வேண்டும். ஆனால் இல்லை என்று ஒரு தடவை சொன்னால் எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போகும்படி உங்கள் ஆட்களுக்குச் சொல்லுங்கள். சர்க்கரை எத்தனை வருசமாக இருக்கிறது, இதற்கு முன் எடுத்த ஸ்கேன் ஏதாவது இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். எங்கள் அம்மா அந்த மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டுதான் வார்டு வாசலில் உட்கார்ந்திருந்தார், ஒருவர்கூட அதை வாங்கிப் பார்க்கவில்லை.

அம்மாவுக்கும் எட்டு வருசமாகச் சர்க்கரை. போன மாதம் நானே ரத்தம் எடுக்க வைத்து ஃபிப்-4 போட்டேன், 1.6 வந்திருக்கிறது. ஃபைப்ரோஸ்கேனுக்கு மதுரைக்கு அழைத்துப் போக வேண்டும். எங்கள் தெருவில் மாத்திரை வாங்கும் மற்ற பதினோரு வீட்டுக்காரர்களும், "எங்களுக்கும் போட்டுப் பாரு தம்பி" என்று கேட்கிறார்கள், ஆனால் அவர்களுக்கு எடுத்த பரிசோதனையில் பிளேட்லெட் எண்ணிக்கை இல்லை. அதை மட்டுமாவது வரும் மாதத்திலிருந்து சேர்க்கச் சொல்லுங்கள். மஞ்சப்பையில் இருந்த மூன்று ஸ்கேன் காகிதங்களையும் நகல் எடுத்து வைத்திருக்கிறேன். எந்த நாள், எந்த அலுவலகம் என்று சொன்னால் கொண்டுவந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
உசிலம்பட்டிப் பக்கத்து டீக்கடைக்காரர் மகன்